ஐம்பத்தெட்டா, ஐம்பத்தொன்பதா

அந்த நிலத்தடி நீர் ஆய்வுக்கூடத்தில் "வடிகட்டி எங்கே?" என்று யாராவது கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, கணினியில் இருக்கிறது. இன்னொன்று, டீ குடிக்கப் போயிருக்கிறாள். கணினியில் இருப்பது ஒரு மென்பொருள். டீ குடிக்கப் போனவள் அதை எழுதியவள். மென்பொருளுக்கு வைத்த பெயர் நாளாக நாளாக ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. நேரில் வடிகட்டி அக்கா, தள்ளிப்போனால் வெறும் வடிகட்டி. நமக்கு அக்கா என்றாலே போதும்.

வடிகட்டி செய்கிற காரியம் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் முந்நூற்றுச் சொச்சம் கிணறுகளில் கிணற்றுக்கொரு அளவுமானி தொங்குகிறது. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கால் மணிக்கு ஒரு தரம் எழுதி அனுப்பும். அனுப்புவதையெல்லாம் நம்பினால் போச்சு. யாராவது வாளி விட்டிருப்பார்கள், அளவு துள்ளும். தவளை ஏறி உட்காரும், பிறகு அதற்கே அலுத்து இறங்கும். மின்கலம் தீர்கிற நேரத்தில் அளவுமானி வாய்க்கு வந்ததை உளறும். இது வாளி, இது மழை, இது உளறல் என்று பிரித்து, நம்பக்கூடியதை மட்டும் எடுத்துக் கொடுப்பதுதான் வடிகட்டியின் வேலை. இங்கேயும் வெளியிலுமாக இருநூறு பேர் அதில் போட்டு எடுக்காமல் ஒரு வரி எழுத மாட்டார்கள். எழுதி முடித்துக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும்போது ஜீப் ஓட்டியவர் வரைக்கும் வருவார். வடிகட்டி வராது. இதைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். அக்காவுக்கு வரவில்லை. இதற்கெல்லாம் கோபப்படலாம் என்பதே அவளுக்குத் தெரியாது.

கணக்குப் படித்துவிட்டு வந்தவளுக்குக் காலியாக இருந்த ஒரே இடத்தைக் கொடுத்தார்கள். பதவியின் பெயர் கருவிப் பராமரிப்பாளர். மென்பொருள் எழுதுகிறவருக்கென்று ஒரு பதவி அங்கே இல்லை. வருஷத்துக்கொரு முறை சரக்கு சரிபார்க்கிறவர் கையில் ஒட்டுவில்லைகளோடு வருவார்.

"அம்மா, நீங்க பராமரிக்கிற கருவியைக் காட்டுங்க. நம்பர் ஒட்டணும்."

"அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு சார்."

"உள்ள ஒட்ட முடியாதேம்மா" என்று கொஞ்சம் யோசித்து, திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போவார். பதினோரு வருஷத்தில் திரையின் மூன்று பக்கமும் நிறைந்துவிட்டது.

வீட்டில் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான். அடுத்தவங்களுக்குச் சரியாத் தெரியணும், அவ்வளவுதான்" என்பார். எட்டாவது படிக்கும் மகள் அவ்வளவு மரியாதை தருவதில்லை. அம்மா உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டால், "வடிகட்டின முட்டாள்னு சொல்றது உங்களைத்தானாம்மா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிடும்.

இப்படியே போயிருக்க வேண்டியதுதான். அந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பு வெளியாட்களிடம் போகிறது, ஆகவே கருவிப் பராமரிப்பாளர் பதவி மாதக் கடைசியோடு ஒழிக்கப்படுகிறது, இருப்பவர்கள் தகுதியிருந்தால் ஆய்வாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். அக்காவுக்கு இரண்டு பயம். வேலை போய்விடுமே என்பது ஒன்று. வடிகட்டியை யார் கையில் விட்டுப் போவது என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரிய பயம் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

விண்ணப்பப் படிவம் ஒரே பக்கம்தான். பெயர், வயது, படிப்பு, பணிக்காலம். அதற்கு அடுத்து ஒரு சின்னக் கட்டம். 'வெளியீடுகள் (எண்ணிக்கை மட்டும்)'.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வடிகட்டியைத் திருத்தி ஒவ்வொரு முறையும் எல்லாருக்கும் அனுப்பும்போது மேலே 'வெளியீடு' என்று எழுதி எண் போடுவது அவள் வழக்கம். கடைசியாக அனுப்பியது ஐம்பத்தெட்டு. கட்டத்தில் 58 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் மற்ற எல்லாருக்கும் வெளியீடு என்றால் ஆய்விதழில் வந்த கட்டுரை. பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து விநோதமாக நடக்க ஆரம்பித்தது. எதிரே வந்தால் செல்பேசியைப் பார்க்கிற ஆய்வாளர்கள் நின்று வணக்கம் சொன்னார்கள். ஒருவர், "சத்தமே இல்லாம சாதிச்சிருக்கீங்களே!" என்றார். நிர்வாக அதிகாரி, அதாவது பணிவிதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர் என்று பெயரெடுத்தவர், அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அக்கா உட்கார்ந்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

"நம்ம இயக்குநருக்கே இருபத்திரண்டுதான்" என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"என்ன சார் இருபத்திரண்டு?"

"தன்னடக்கம்!" என்று அவர் மூக்கில் விரலை வைத்தார்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். "என்னங்க, எல்லாரும் எனக்குத் திடீர்னு மரியாதை குடுக்கறாங்க. பயமா இருக்கு."

"வேலை போகப்போகுதுல்ல, அதான் பாவம்னு குடுக்கறாங்க" என்றார் அவர். அது பொருத்தமாகப் பட்டது. அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

நேர்காணலில் மூன்று பேர். இயக்குநர், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், விதிப் புத்தகத்தோடு நிர்வாக அதிகாரி. பேராசிரியர் தலை நரைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். அவர்தான் ஆரம்பித்தார்.

"ஐம்பத்தெட்டு வெளியீடு. ரொம்ப சந்தோஷம்மா. கடைசியா வந்தது எதைப் பத்தி?"

"ஒரு கமா சார்."

"கமாவா?"

"ஆமா சார். ஒரு கமா அதிகமா இருந்தது. எடுத்துட்டேன்."

பேராசிரியர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தண்ணீர் குடித்தார்.

"ஒரு கமாவை எடுத்ததுக்குத் தனியா ஒரு வெளியீடா?"

"சின்னதுதான், ஆனா விட்டா ஒரு கிணறு ரெண்டாயிடும் சார்" என்றாள் அக்கா. இவர்கள் ஏன் இப்படி விழிக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. நேர்மையாக இருந்துவிடுவோம் என்று தோன்றியது. "எல்லாமே நல்லா வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன் சார். நாற்பதாவது வெளியீடு படு மோசம். மறுநாளே திரும்ப வாங்கிட்டேன். மொத்தத்துல ஏழு திரும்ப வாங்கியிருக்கேன்."

அறையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. ஒரு கட்டுரையைத் திரும்ப வாங்கினாலே அவர்கள் உலகத்தில் தலைகுனிவு. இந்த அம்மாள் ஏழு என்கிறாள், அதையும் பெருமையாகச் சொல்கிறாள்.

"வெளியிடறதுக்கு முன்னால யார் சரிபார்ப்பாங்க?" பேராசிரியரின் குரல் கம்மிவிட்டது.

"முன்னால யாரும் இல்லை சார். பின்னாலதான். தப்பா இருந்தா போன் பண்ணித் திட்டுவாங்க. உடனே இன்னொண்ணு வெளியிட்டுடுவேன்."

நிர்வாக அதிகாரி விதிப் புத்தகத்தை மூடினார். "இது வடிகட்டின பொய்யா, வடிகட்டின உண்மையான்னு எனக்குப் புரியலை" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை, பாவம், வாயில் அப்படி வந்துவிட்டது. அந்த வார்த்தையில்தான் இயக்குநருக்குப் பொறி தட்டியது.

"அம்மா, நீங்க சொல்றது நம்ம வடிகட்டியோட வெளியீடா?"

"வேற எது சார் இருக்கு என்கிட்ட?"

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் நாலு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பேராசிரியர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அக்காவுக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது, ஆனால் பொய் எங்கே சொன்னோம் என்று தேடினால் கிடைக்கவில்லை.

எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தபோது பேராசிரியர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "சிரிச்சது தப்பு, மன்னிக்கணும். நானும் அந்த வடிகட்டியிலதான் போட்டு எடுக்கறேன், ஆறு வருஷமா. அதை எழுதினவங்க ஆய்வாளர் இல்லைன்னா நானும் இல்லை" என்றார். அதை ஒரு வெளியீடாக ஏற்கலாம் என்றார். ஐம்பத்தெட்டாக இல்லை, ஒன்றாக. இருநூறு பேர் நம்புகிற ஒன்று போதும் என்று இயக்குநரும் தலையாட்டினார்.

நிர்வாக அதிகாரி மட்டும் புத்தகத்தைப் புரட்டினார். அவர் கெட்டவர் இல்லை. புத்தகத்தில் இல்லாததைச் செய்யத் தெரியாதவர், அவ்வளவுதான். வெளியீடு என்பது இறுதி வடிவம் பெற்றதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி. ஆகவே வடிகட்டியின் ஐம்பத்தெட்டாவது வடிவத்தை இறுதி வடிவமாகப் பதிவு செய்வது, பதிவான பிறகு மாற்றம் செய்தால் பதிவும் அதை வைத்துக் கொடுத்த பதவியும் செல்லாது என்று முடிவானது. அக்கா கையெழுத்துப் போட்டாள். போடும்போதே ஏதோ உறுத்தியது. மாறாத வடிகட்டி என்றால் அது என்ன? கிணறு மாறுகிறது, அளவுமானி மாறுகிறது, தவளைகூட மாறுகிறது. ஆனால் ஆய்வாளர் என்று அச்சடித்த உத்தரவு கையில் இருக்கும்போது இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

"முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்துட்டேங்க" என்றாள் வீட்டில்.

"எது?"

"வடிகட்டி."

"அது எப்படி முடியும்? கண்ணு மாறிக்கிட்டே இருக்கும்போது கண்ணாடியை மட்டும் இதான் கடைசின்னு சொல்ல முடியுமா?" என்றார் கணவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு, வேலை இருக்கு, அது போதும்" என்றார்.

பத்து நாள் போயிருக்கும். காலையில் நாற்காலியில் உட்காருவதற்குள் செல்பேசி அடித்தது. கிணறு கிணறாக ஸ்கூட்டரில் போய் அளவுமானிகளைப் பார்த்துவருகிற பெண். பேச்சில் ஒளிவுமறைவே கிடையாது.

"அக்கா, நான் எழுபத்தாறாம் கிணத்துல நிக்கறேன். உள்ள தரை தெரியுது. உங்க வடிகட்டி ஏழு அடி தண்ணின்னு காட்டுது."

"தரையா? நல்லாப் பாத்தியா?"

"இறங்கி நடந்தே பாத்துட்டேன்க்கா. செருப்புகூட நனையலை. இங்க நாப்பது வீடு. தண்ணி லாரி உங்க பட்டியலைப் பாத்துத்தான் வரும். கிணத்துல தண்ணி இருக்குன்னு போட்டிருக்கறதால அஞ்சு நாளா வரலை. என்னைப் பிடிச்சுத் திட்டறாங்க."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு கை தானாக ஓடியது. அரை மணியில் பிடித்துவிட்டாள். பழைய அளவுமானி கெட்டுப்போனால் சுழியம் அனுப்பும். அதனால் வடிகட்டி, சுழியம் வந்தால் அது உளறல் என்று தள்ளிவிட்டு முந்தைய அளவையே வைத்துக்கொள்ளும். இந்த மாதம் பன்னிரண்டு கிணறுகளில் புது அளவுமானி மாட்டியிருக்கிறார்கள். அது கெட்டுப்போனால் ஒன்றுமே அனுப்பாது. அது சுழியம் அனுப்பினால் உண்மையாகவே சுழியம். கிணறு வற்றிவிட்டது என்று கத்தியிருக்கிறது, வடிகட்டி அதை உளறல் என்று தள்ளியிருக்கிறது.

திருத்தம் நான்கே வரி. எழுதிப் பார்த்தாள், சரியாக வந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் கை நின்றது. முதலில் லாரி அலுவலகத்துக்குப் போன் செய்து, "எழுபத்தாறு வறண்டிருக்கு, பட்டியலை நம்பாதீங்க, இன்னிக்கே அனுப்புங்க" என்று சொன்னாள். பிறகு நேராக நிர்வாக அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

 அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அம்மா, திருத்தினா அது வேற வடிவம். வேற வடிவம்னா பதிவு போச்சு. பதிவு போனா உங்க பதவி போச்சு."

"அப்போ பழைய பதவி?"

"அது மாசக் கடைசியோட ஒழிஞ்சுதேம்மா." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்றேன், நான் சொன்னதா இருக்கக் கூடாது. திருத்திக்கோங்க. ஆனா நம்பரை மாத்தாதீங்க. ஐம்பத்தெட்டாவே இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

பதினோரு வருஷத்தில் அந்த மனிதர் விதிக்கு வெளியே ஓரடி வைத்தது அதுதான் முதல் தடவை. அதுவும் அவளுக்காக. அக்கா எழுந்தாள். நன்றி என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்கு வந்தாள்.

அவர் சொன்னதில் என்ன தப்பு? கிணறு சரியாகிவிடும். வேலை இருக்கும். மகள் படிப்பு ஓடும். ஆனால் எண்ணை மாற்றாமல் அனுப்பினால் உலகத்தில் இரண்டு ஐம்பத்தெட்டு இருக்கும். ஒன்று வறண்ட கிணற்றில் தண்ணீர் காட்டும், ஒன்று காட்டாது. பத்து நாளாக அந்த இருநூறு பேர் எடுத்த அளவெல்லாம் எந்த ஐம்பத்தெட்டில் வடிகட்டியது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது. அளவுமானி உளறினால் தள்ளிவிடலாம். வடிகட்டியே உளறினால்?

இப்படிப் பார்த்தால் அது சரியாக இருந்தது, அப்படிப் பார்த்தால் இது. மத்தியானம் வரை ஐம்பத்தெட்டு என்று அடிப்பாள், அழிப்பாள், ஐம்பத்தொன்பது என்று அடிப்பாள், அழிப்பாள். கணவருக்குப் போன் செய்தாள். அவர் கடையில் யாருக்கோ எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கு எது தெளிவாத் தெரியுதோ அதைச் செய்" என்றார்.

"ஒண்ணுமே தெளிவாத் தெரியலையேங்க."

"அப்போ எதைச் செஞ்சா நாளைக்கு உன்னால அந்த இருநூறு பேர்கிட்டப் பேச முடியும்னு பாரு."

அக்கா ஐம்பத்தொன்பது என்று அடித்தாள். கீழே, 'புது அளவுமானி மாட்டிய பன்னிரண்டு கிணறுகளில் ஐம்பத்தெட்டாவது வெளியீடு வறட்சியை மறைத்துவிட்டது. தவறு என்னுடையது. இந்த மாத அளவுகளை மறுபடி வடிகட்டிக்கொள்ளவும்' என்று எழுதி இருநூறு பேருக்கும் அனுப்பினாள். அந்த இருநூறில் இயக்குநரும் உண்டு. அனுப்பிவிட்டுத் திடமாக உட்கார்ந்திருந்தாள் என்று எழுத ஆசைதான். இல்லை, கழிவறைக்குப் போய் அழுதாள்.

மறுநாள் காலையில் இயக்குநர் அவள் அறைக்கு வந்தார். அவர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. கையில் ஆய்விதழுக்கு அனுப்ப வைத்திருந்த கட்டுரை. பாதிப் பக்கத்தில் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

"கோடையிலயும் கிணறு தாக்குப்பிடிக்குதுன்னு எழுதியிருந்தேன். மறுபடி வடிகட்டிப் பாத்தேன். எட்டு கிணறு காலி." நின்றபடியே சொன்னார். "இது அச்சுல வந்திருந்தா என் மானம் போயிருக்கும். அது கிடக்கட்டும், இதை நம்பி நாலு ஊருக்கு லாரியை நிறுத்தியிருப்பாங்க."

"சாரி சார்."

"நீங்க எதுக்கு சாரி சொல்றீங்க? கட்டுரையில வடிகட்டி, வெளியீடு ஐம்பத்தொன்பதுன்னு உங்க பேரோட போட்டுட்டேன்." பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆனா பதிவு ரத்தாயிடுச்சும்மா. விதி. நான் நேத்தே பேசிப் பாத்தேன். இந்த வெள்ளிக்கிழமையோட..." என்று இழுத்தார்.

அக்காவுக்குச் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக ஒரு கட்டுரையில் வடிகட்டி இருக்கிறது, அதே வாரத்தோடு அவள் வேலை போகிறது. இரண்டையும் ஒரே தலையில் வைக்க முடியாமல், வாயில் வந்ததைக் கேட்டாள்.

"சனிக்கிழமை ஒருத்தருக்கு ஐம்பத்தொன்பதுல தப்பு கிடைச்சா, யார்கிட்ட சார் சொல்லுவாங்க?"

மிரட்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. கிணறு அளக்கும் பெண் யாரைக் கூப்பிடுவாள் என்ற ஒரே கவலைதான்.

இயக்குநர் ஜன்னலிலிருந்து திரும்பினார். சுற்றிலும் பார்த்து, ஓரத்தில் கிடந்த நாற்காலியில் இருந்த காகிதக் கட்டைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கேள்வியை இன்னொரு தடவை அப்படியே சொல்லுங்க" என்று பேனாவைத் திறந்தார். "தலைமை அலுவலகத்துக்கு எழுதறேன். எனக்குப் பதில் தெரியலை, அவங்களுக்குத் தெரியுதான்னு பாப்போம்."

அக்கா சொன்னாள். அவர் கட்டுரையின் பின்பக்கத்திலேயே எழுதினார். ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. எழுதி முடித்ததும் நிமிர்ந்து, "கேட்பவர் பதவின்னு ஒண்ணு போடணுமே. பராமரிப்பாளர்னு போடறதா, ஆய்வாளர்னு போடறதா? ரெண்டும் இப்போ இல்லையே. நீங்க என்னன்னு போடட்டும்?" என்று கேட்டார்.

அக்கா திரையோரத்து ஒட்டுவில்லைகளைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"அந்த இடத்தைக் காலியா விட்டுட்டு இன்னிக்கே அனுப்பிடுங்க சார்" என்றாள். "வெள்ளிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு."